கிணறு நமது, நீர் ஊரது

பட்டினத்தில் வாழ்வோர் தாம் வாழும் ஊரின் நலத்துக்கு யாது செய்யக்கூடும் என்று நேயர் சிலர் எமக்கு எழுதிக் கேட்டுள்ளனர். கிராமத்தில் வாழ்பவனுக்கு வயலுண்டு, தோட்டமுண்டு, குளமுண்டு. மண்வெட்டியைத் தோளில் வைத்துப் புறப்பட்டால் ஊருக்குரிய பணி கண்முன்னே கிடக்கும். பட்டினத்தானுக்கு இருப்பதோ இரண்டு பரப்புக் காணி, அதில் ஒரு வீடு, அதைச் சுற்றி ஒரு மதில். குப்பை அள்ளுவது மாநகரசபையின் கடமை. நீர் தருவது நீர் வழங்கற் சபையின் கடமை. வாய்க்கால் வெட்டுவது வேறொரு திணைக்களத்தின் கடமை. நமது கடமை ஆதனவரியைச் செலுத்துவதோடு முடிந்தது என்று அவன் எண்ணுவதிற் புதுமையில்லை. இவ்வெண்ணம் யாழ்ப்பாணப் பட்டினத்துக்கு ஒருசிறிதும் பொருந்தாது என்பதையே இவ்வாரம் எடுத்துரைக்க விழைகின்றோம்.

'நிலைபேறான அபிவிருத்தி' என்ற தொடர் இக்காலத்திற் கூட்டந்தோறும் ஒலிக்கின்றது. தொடர் பெரிது, அதன் பொருளோ நம் முன்னோருக்குப் பழகிய பொருளே. 1707ஆம் ஆண்டில் ஒல்லாந்தர் எழுத்திற் தொகுத்த தேசவழமை, நமது சொத்தை முதுசொம், சீதனம், தேடியதேட்டம் என வகுத்துக் கூறும். முதுசொம் என்பது முன்னோர் வைத்துச் சென்றது. அதன் பயனை உண்டு வாழலாம். அதனை அழித்து உண்ணுதல் பழியாகும். பெற்றபடியே பிள்ளைகள் கையிற் கொடுத்தல் வேண்டும் என்பதே நமது ஊரின் உணர்ச்சி. அவ்வுணர்ச்சியைக் காணியோடு நிறுத்தாமல் ஊரின் நீருக்கும் மண்ணுக்கும் விரித்துக்கொண்டால் அதுவே நிலைபேறு. குடாநாட்டாரின் முதுசொத்துள் முதலில் வைத்து எண்ணத்தக்கது காணியன்று, காணியின் கீழுள்ள நீர்.

உறுதியில் எழுதாத பங்கு

பழைய காணி உறுதியொன்றை எடுத்துப் பாருங்கள். நான்கு எல்லைகளையும் சொல்லி, வீட்டையும் மரங்களையும் சொல்லி, கிணற்றிலுள்ள பங்கையும், அதற்குச் செல்லும் வழியையும் வாய்க்காலையும் நொத்தாரிசு குறித்திருப்பார். ஒரு கிணற்றைப் பல குடும்பங்கள் பங்கிட்டு ஆண்ட காலம் அது. முறைவைத்து இறைத்தனர், கிணறு கலக்கி இறைக்கும் நாளிற் பங்காளர் யாவரும் கூடினர், சண்டையும் பிடித்தனர், சமாதானமும் ஆயினர். துலா மிதித்து இறைத்த அந்நாளில், ஒருவன் விடியுமுன் தொடங்கினாலும் இவ்வளவு நீர்தான் இறைக்கலாம் என்று அவன் உடலே ஓர் எல்லை வகுத்தது.

சென்ற நூற்றாண்டின் நடுப்பகுதியில் நீரிறைக்கும் இயந்திரங்கள் பரவின. அவ்வெல்லை அகன்றது. காணிகளும் பிள்ளைகளுக்குப் பிரிந்து பிரிந்து சிறுத்தன. துண்டுக்கொரு கிணறு தோன்றியது. 'எங்கள் வளவுக் கிணறு' என்ற பெருமையும் கூடவே தோன்றியது. கிணற்றின் கட்டு நமது, கப்பி நமது, இயந்திரம் நமது, இதில் ஐயமில்லை. நீர் மட்டும் நமதன்று. அது அயலவருக்கும், அயலவரின் அயலவருக்கும் உரிய பங்குநீர். எந்த உறுதியிலும் எழுதப்படாத இப்பங்கை நிலத்தின் அமைப்பே எழுதி வைத்திருக்கின்றது. எவ்வாறு என்பதைச் சிறிது விளக்குவோம்.

மிதக்கும் நன்னீர்

குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு ஒன்றேனும் இல்லை. வழுக்கையாறும் மழைக்காலத்தில் மட்டும் ஓடுவது. நாம் நிற்கும் நிலத்தின் கீழ் இருப்பது சுண்ணக்கற் பாறை. அது கருங்கல்லைப்போல் இறுகியதன்று. வெடிப்பும் துளையும் பொந்தும் உடையது. பெய்யும் மழையில் ஒரு பகுதி அதனுள் இறங்கித் தங்குகின்றது. கடலும் கடனீரேரியும் நம்மைச் சூழ்ந்திருத்தலால் அப்பாறையின் அடியில் உவர்நீர் புகுந்து நிற்கின்றது. நன்னீர் உவர்நீரிலும் இலேசானது. ஆதலால் அதன்மேல் மிதக்கின்றது. நடுவிலே தடித்தும் கரையோரங்களில் மெலிந்தும், மூக்குக்கண்ணாடியின் வில்லைபோலக் கிடக்கும் இந்நீரிலிருந்தே குடாநாட்டின் கிணறுகள் யாவும் ஊறுகின்றன.

வகுப்பில் மாணவருக்கு நாம் காட்டும் எளிய சோதனையொன்றை நேயர்கள் வீட்டிற் பிள்ளைகளோடு செய்து பார்க்கலாம். கண்ணாடிக் குவளையொன்றில் அரைவாசிக்கு நீர் எடுத்து, உப்பை நிறையக் கரைத்து, அடையாளத்துக்குச் சிறிது நிறமும் ஊட்டுங்கள். அதன்மேல், கரண்டியொன்றின் முதுகுவழியே நன்னீரை மெல்ல வாருங்கள். இரண்டும் கலவாமல் மேலுங் கீழுமாய் நிற்கும். இனி மெல்லிய குழாயொன்றால் மேல்நீரைச் சிறிது சிறிதாக உறிஞ்சினால் நன்னீரே வரும். ஆத்திரப்பட்டு உறிஞ்சினால் கீழிருக்கும் நிறநீர் கூம்புபோல் மேலெழுந்து குழாயினுட் புகும். கோடையில் உவர்த்துப்போகும் கிணறுகளில் நிகழ்வதும் இதுவே.

இவ்வமைப்புக்கு ஒல்லாந்தப் பொறியியலாளர் ஒருவரும் செர்மானியப் பொறியியலாளர் ஒருவரும் நூறாண்டுகளுக்கு முன்னரே ஒரு கணக்குக் கண்டுள்ளனர். கடல்மட்டத்துக்கு மேலே நன்னீர் 1 அடி உயர்ந்து நின்றால், கடல்மட்டத்துக்குக் கீழே ஏறக்குறைய 40 அடி ஆழம்வரை நன்னீர் நிற்கும் என்பது அக்கணக்கு. கேட்பதற்கு இனிமையாய் இருக்கின்றது. மறுபுறம் திருப்பினால் இனிமை போய்விடும்: நீர்மட்டம் 1 அடி தாழ்ந்து, தாழ்ந்தபடியே நின்றுவிட்டால், கீழேயுள்ள உவர்நீர் காலப்போக்கில் ஏறக்குறைய 40 அடி மேலேறும். நவக்கிரியிலுள்ள நிலாவரைக் கிணற்றில் மேல்நீர் நன்னீராகவும் ஆழத்து நீர் உவர்நீராகவும் இருப்பதைப் பலர் அதிசயமாகப் பேசுவர். அதிசயம் நிலாவரையில் மட்டுமன்று. நமது ஒவ்வொருவர் கிணற்றின் கீழும் அதுவே உள்ளது. கிணறு வற்றுகிறதென்று ஆழ்துளைக் குழாய்க்கிணறு அடிக்க முற்படுவோர் இதனை ஒருமுறைக்கு இருமுறை சிந்தித்தல் வேண்டும். ஆழம் போகப் போக நாம் நெருங்குவது நீர்வளத்தையன்று, கடலை.

மதிலைக் கேளாத அழுக்கு

நீரின் அளவு இவ்வாறாயின், அதன் தூய்மை எவ்வாறு? சுன்னாகத்து மின்நிலையச் சூழலிலே கிணறுகளில் எண்ணெய் கலந்திருப்பது பற்றி 2014, 2015ஆம் ஆண்டுகளில் எழுந்த கலக்கத்தை நேயர்கள் மறந்திருக்கமாட்டார்கள். வழக்கு உயர்நீதிமன்றம்வரை சென்றது. 2019ஆம் ஆண்டு ஏப்பிரிலில் நீதிமன்றம், அங்கு மின் உற்பத்தி செய்த தனியார் நிறுவனம் 2 கோடி ரூபாய் இழப்பீடு செலுத்தவேண்டுமெனத் தீர்ப்பளித்தது. தீர்ப்பு மக்களுக்கு ஆறுதல் தந்தது. நிலத்துள் இறங்கிய எண்ணெயை அது திரும்ப எடுத்துத் தரமாட்டாது. ஓரிடத்தில் மண்ணில் ஊற்றியது பல வளவுகளின் கிணறுகளுக்குப் பங்காகும் என்பதே அதிலிருந்து நாம் கற்கவேண்டிய பாடம். பழைய இயந்திர எண்ணெயை வளவின் மூலையில் ஊற்றும் வீட்டுக்காரரும், கழுவிய எண்ணெயை வாய்க்காலில் விடும் கராச்சுக்காரரும் இப்பாடத்துக்கு உரியவர்களே.

எண்ணெய் கண்ணுக்குத் தெரியும், மணத்துக்கும் தெரியும். கண்ணுக்கும் மூக்குக்கும் நாவுக்கும் தெரியாத அழுக்கு ஒன்றுண்டு. அதுவே நைத்திரேற்று. தோட்டங்களிற் கொட்டும் இரசாயனப் பசளையிலிருந்தும், பட்டினத்திலே மலகூடக் குழிகளிலிருந்தும் அது நிலத்தடி நீரிற் சேர்கின்றது. குடிநீரில் லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை. குடாநாட்டுக் கிணறுகள் பல இவ்வெல்லையைக் கடந்துள்ளமையை ஆய்வாளர் பன்முறை எடுத்துக்காட்டியுள்ளனர். தாய்மார் இங்கே ஒன்றைக் கருத்தில் இருத்தல் வேண்டும். நீரைக் கொதிக்கவைத்தால் நோய்க்கிருமி சாகும், நைத்திரேற்றோ அகலாது, நீர் ஆவியாகிச் சுண்டுவதால் அதன் செறிவு கூடவே செய்யும். ஆறு மாதத்துக்கு உட்பட்ட பாலகருக்கு அத்தகைய நீரிற் பால்மா கரைத்துக் கொடுத்தால், இரத்தம் உயிர்வளியைச் சுமக்கும் ஆற்றல் குன்றி, உடல் நீலம்பாரிக்கும் ஆபத்துண்டு. கைக்குழந்தை உள்ள வீட்டார் தம் கிணற்றுநீரை ஆய்வுகூடத்திற் பரிசோதித்து அறிந்துகொள்ளுதல் நன்று.

கிணற்றுக்கும் மலகூடக் குழிக்கும் இடையே ஐம்பது அடியேனும் வேண்டும் என்பது பொதுவாகச் சொல்லப்படும் விதி. வெடிப்புள்ள சுண்ணக்கற் பாறையில் அதுவும் போதுமென்று நம்பியிருக்க முடியாது. அது நிற்க, விதியை நமது வளவில் வைத்துப் பார்ப்போம். 16 பரப்பு ஓர் ஏக்கர். ஆகவே 2 பரப்புக் காணி சதுரமாயிருந்தால் அதன் ஒரு பக்கம் ஏறக்குறைய 74 அடி. நமது கிணற்றுக்கு ஐம்பது அடி விலக்கிக் குழி வெட்டினால் அது வளவின் மறுகோடிக்கே போய்விடும். அம்மறுகோடியின் மதிலுக்கு அப்பால் அயலவர் கிணறு எத்தனை அடியில் இருக்கின்றது என்று அளந்தவர் எத்தனை பேர்? அவரும் நம்மைப்போலவே தம் கிணற்றைக் காத்து, நமது கிணற்றோரம் குழி வெட்டியிருப்பார். இருவரும் விதியைக் கைக்கொண்டோம். இருவர் நீரும் கெட்டது. தனித்தனியே செய்யும் நன்மை போதாது, அயலோடு கூடிச் செய்தல் வேண்டும் என்று நாம் வற்புறுத்துவது இதனாலேயே.

'இனிக் குழாய்நீர் வருகின்றதே, கிணற்றைப்பற்றி ஏன் கவலை?' என்று கேட்போரும் உளர். தாளையடியிற் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் 2024ஆம் ஆண்டிலே திறக்கப்பட்டது. நாளொன்றுக்கு 24,000 கனமீற்றர் நீர் தரும் வல்லமையுடையதாக அது அமைக்கப்பட்டது. இது பெரும் பேறுதான். ஆயினும், கடல்நீரை நன்னீராக்குவதற்கு மின்சாரம் மிக வேண்டும். அதன் விலையும் ஏறியிறங்கும். மேலும், வீட்டுக்குள் வந்த குழாய்நீர் பயன்பட்டபின் எங்கே செல்லும்? மாநகர் முழுவதற்குமான கழிவுநீர்க் குழாய் அமைப்பு நமக்கு இல்லை. வந்த நீரெல்லாம் அழுக்கோடு நமது நிலத்திலேயே இறங்கும். ஆகவே குழாய்நீர் வந்தபின் நிலத்தடி நீருக்கு நாம் செய்யவேண்டிய காவல் குறையாது, கூடும்.

கார்த்திகையில் வெள்ளம், ஆவணியில் வறட்சி

இனிச் செய்யக்கூடியவற்றை நோக்குவோம். யாழ்ப்பாணத்தில் ஆண்டொன்றுக்கு ஏறக்குறைய 1,250 மில்லிமீற்றர் மழை பெய்கின்றது. இதிற் பெரும்பகுதி ஐப்பசி முதல் மார்கழி வரையுள்ள சில கிழமைகளிலேயே கொட்டிவிடுகின்றது. 2008ஆம் ஆண்டு நவம்பரில் 'நிஷா' சூறாவளியோடு வந்த வெள்ளத்தில் மக்கள் வீடுகளைவிட்டு ஓடியதை நாம் கண்டோம். கார்த்திகையில் முழங்காலளவு நீரில் நடந்து, ஆவணியில் நீர்த்தாங்கி வண்டியை எதிர்பார்த்து நிற்பது நமது பட்டினத்தின் விந்தை. இவ்விரண்டு துன்பத்துக்கும் மூலம் ஒன்றே: பெய்த மழை நிலத்துள் இறங்க நாம் இடங்கொடுக்கவில்லை. வேலி மதிலாயிற்று, முற்றம் சீமெந்தாயிற்று, வெள்ளவாய்க்கால் பொலித்தீன் பையால் அடைபட்டது, குளத்தின் வரவு வாயிலில் கடை எழுந்தது.

முதலிற் கூரையைப் பாருங்கள். ஒரு சதுர மீற்றர்க் கூரையில் ஒரு மில்லிமீற்றர் மழை பெய்தால் ஒரு லீற்றர் நீர். ஆயிரம் சதுர அடிக் கூரையென்றால் ஏறக்குறைய 93 சதுர மீற்றர். ஆண்டு மழை முழுவதும் அதில் விழுந்து, ஐந்திலொரு பங்கு வீணாகிப்போனாலுங்கூட, 90,000 லீற்றருக்கு மேல் எஞ்சும். ஐவருள்ள குடும்பமொன்றுக்குக் குடிக்கவும் சமைக்கவும் நாளொன்றுக்கு 50 லீற்றர் போதுமெனக் கொண்டால், ஒரே ஆண்டின் கூரைநீர் ஏறக்குறைய ஐந்தாண்டுக்கு உரிய நீராகும். இத்தனையையும் தொட்டியிற் சேர்த்தல் இயலாது, சேர்க்கவும் வேண்டியதில்லை. இயன்ற அளவு தொட்டியிற் சேர்த்து, எஞ்சியதை நிலத்துள் இறக்கினாற் போதும். கூரையோரப் பீலியிலிருந்து குழாய்வழி நீரைக் கொண்டுவந்து, கல்லும் மணலும் நிரப்பிய குழியொன்றில் விடுக. முதல் மழையிரண்டும் கூரையின் தூசியையும் பறவை எச்சத்தையும் கழுவிவரும்; அவற்றை வெளியே விட்டபின்னரே சேர்த்தல் வேண்டும். வடிகட்டாத நீரை நேரே கிணற்றுள் விடலாகாது. தொட்டியின் வாயை நுளம்பு புகாத வலையால் மூடுதல் இன்றியமையாதது. இல்லையேல் நீர் தேடப்போய் டெங்குக் காய்ச்சலைத் தேடியவராவோம். மழைநீர் சேகரிப்புக்கென அரசாங்கம் 2005ஆம் ஆண்டிலேயே தேசியக் கொள்கை வகுத்துவிட்டது. கொள்கை கொழும்பில் இருக்கின்றது. பீலி நமது கூரையில் இல்லை.

கூரைக்கு அடுத்தது வாய்க்கால். வாய்க்காலுக்கு அடுத்தது குளம். நம் முன்னோர் குளம், கேணி, துரவு எனப் பலவாறாக நீர்நிலை வகுத்தனர். குளக்கரையில் மருதமரமும், மாடு நீர் குடித்துத் தினவு தீர்க்க ஆவுரோஞ்சிக் கல்லும் வைத்தனர். நீர்நிலை அமைத்தவரே உடம்பும் உயிரும் அமைத்தவர் என்று குடபுலவியனார் பாண்டியன் நெடுஞ்செழியனுக்கு அறிவுறுத்திய புறநானூற்றுச் செய்யுளை மாணவர் இன்றும் படிக்கின்றனர். படித்துவிட்டு வீடு செல்லும் வழியில் உள்ள குளத்தை அவர்கள் பார்ப்பார்களாக. ஆரியகுளம், புல்லுக்குளம், நாயன்மார்கட்டுக் குளம், நல்லூரிலே 'ப' வடிவிலமைந்த யமுனா ஏரி என இன்னும் பெயர்சொல்ல நிற்பவை பல. இவை அழகுக்கு மட்டும் அமைந்தனவல்ல. மழைநீரை ஏந்தி நின்று, மெல்ல மெல்ல நிலத்தடிக்கு ஊட்டும் தாய்கள். ஆரியகுளம் 2021ஆம் ஆண்டிற் தூர்வாரிப் புதுக்கப்பட்டபோது ஊரே மகிழ்ந்தது. கரையில் விளக்கும் இருக்கையும் அமைத்தல் நன்றே. ஆயினும் குளத்தின் உயிர் கரையிலன்று, அதற்கு நீர் கொண்டுவரும் வாய்க்காலில் உள்ளது. அவ்வாய்க்காலோ பலர் வீட்டுவாயில்களைக் கடந்து வருவது. ஒருவர் தம் வாயிலுக்கு மண்போட்டு உயர்த்தினால், குளம் பட்டினி கிடக்கும். மேலேயுள்ளவர் வீட்டில் வெள்ளம் புகும்.

கொழும்பு மாநகரும் தன் சதுப்புநிலங்களை நிரப்பி நிரப்பி வெள்ளத்தில் ஆழ்ந்தபின்னரே அவற்றின் அருமையை உணர்ந்தது. எஞ்சியவற்றைக் காத்தமைக்காக 2018ஆம் ஆண்டிலே அது 'ஈரநில நகரம்' என்ற உலக அங்கீகாரத்தையும் பெற்றது. கொழும்புக்குச் சதுப்பு எப்படியோ, யாழ்ப்பாணத்துக்குக் குளம் அப்படி.

அடுப்படியில் தொடங்கும் பணி

அதே கொழும்பு நமக்கு இன்னொரு பாடமும் கற்பித்தது. 2017ஆம் ஆண்டு சித்திரைப் புத்தாண்டு நாளிலே மீதொட்டமுல்லையில் மலையெனக் குவிந்திருந்த குப்பை சரிந்து, வீடுகளை மூடி, முப்பதுக்கு மேற்பட்டோரைக் கொன்றது. மாண்டவர்கள் அக்குப்பையைக் குவித்தவர்களல்லர். நகரின் மற்றெல்லா வீடுகளும் தம் வாயிலிலிருந்து அகற்றியதையே அவர்கள் தலையிற் சுமந்தனர். நமது மாநகரின் குப்பை சென்றுசேரும் கல்லுண்டாய் வெளியும் மனிதர் வாழும் சூழலே; கடனீரேரியை அடுத்த நிலமே. அங்கே தீப்பற்றினால் புகை சூழ்வதும், மழைபெய்தால் ஊறல் இறங்குவதும் நம் கண்ணுக்குத் தெரியாமையால் இல்லையென்று ஆகிவிடா.

வீட்டுக் குப்பையிற் பாதிக்கு மேல் காய்கறித் தோலும் சோற்று மிச்சமும் இலைசருகுமே. இவை குப்பையல்ல; பசளை. தோட்டத்துக்குப் பூவரசங் குழையும் பனையோலையும் தாழ்த்து மண்ணை வளர்த்த மரபு நம்முடையது. முற்றத்தின் ஓர் ஓரத்திலே, அடியில்லாத பீப்பாயொன்றை நிறுத்தி, பச்சைக் கழிவு ஒரு படை, காய்ந்த சருகு ஒரு படை எனப் போட்டு, ஈரம் குன்றாமற் காத்து, கிழமைக்கொருமுறை கிளறிவிட்டால், சில மாதங்களில் நல்ல கூட்டுப்பசளை கிடைக்கும். கிணற்றருகில் மட்டும் வைக்கலாகாது. எஞ்சிய கடதாசி, போத்தல், தகரம், பிளாஸ்டிக் ஆகியவற்றைத் தனித்தனியே சேர்த்தால் அவற்றை வாங்குவோர் உளர். உணவு சுற்றும் பொலித்தீன் தாளையும், பொலித்தீனைத் திறந்த வெளியில் எரிப்பதையும் 2017ஆம் ஆண்டு செப்டெம்பரில் அரசாங்கம் தடைசெய்தது. எனினும், மாலையில் ஒழுங்கைகளில் எழும் புகை அத்தடையை அறியாததுபோல் எழுகின்றது. அப்புகையை முதலிற் சுவாசிப்பது அயல்வீட்டுத் தொட்டிலிற் கிடக்கும் குழந்தை. சந்தைக்குச் செல்லும்போது கடகமோ உமலோ துணிப்பையோ கொண்டுசெல்வது கௌரவக் குறைவன்று. நம் பாட்டிமார் செய்ததே.

ஒழுங்கைக்கு ஒரு சங்கம்

மேற்சொன்ன யாவும் ஒரு வீட்டார் மட்டும் செய்தால் சிறுபயனே தரும். மாநகர் முழுவதும் ஒருங்கே செய்யவேண்டுமென்றால் அது கூட்டத் தீர்மானமாய் முடிந்துபோகும். இவ்விரண்டுக்கும் நடுவே நமக்கு இயற்கையாய் அமைந்த அளவொன்று உண்டு. அதுவே ஒழுங்கை. ஓர் ஒழுங்கையிலுள்ள இருபது வீட்டார் ஒருவரையொருவர் அறிவர்; கலியாணத்துக்கும் இழவுக்கும் கூடுவர்; ஒரே வாய்க்காலின் கரையில் வாழ்வர். இருபது வீடும் கூரைநீரை நிலத்துள் இறக்கினால் ஆண்டொன்றுக்கு ஏறக்குறைய 18 இலட்சம் லீற்றர் அந்த ஒழுங்கையின் கீழ் சேரும். ஒருவர் கூட்டாவிட்டாலும் குறைந்தே தீரும்.

இந்த ஒழுங்கைச் சங்கத்துக்கு யாப்பும் முத்திரையும் வேண்டியதில்லை. நான்கு பணிகள் போதும். முதலாவது, ஆவணி முடியுமுன் ஒரு ஞாயிறு கூடி, ஒழுங்கையின் வாய்க்காலை முழுநீளத்துக்கும் துப்புரவாக்குதல். 1958ஆம் ஆண்டில் ஆசிரியரான ஆரியரத்தின தம் மாணவருடன் தொடங்கிவைத்த சிரமதானம் இன்று நம்நாட்டின் பொதுச்சொல்லாகிவிட்டது. சொல்லோடு செயலையும் வைத்துக்கொள்வோம். இரண்டாவது, ஒழுங்கையின் கிணறுகளையும் மலகூடக் குழிகளையும் ஒரு தாளிலே வரைந்து, எது எதற்கு எத்தனை அடி என்று குறித்தல். யாரையும் குற்றஞ்சாட்டுவதற்கன்று, அடுத்துக் கட்டுபவர் அறிந்து கட்டுவதற்கும், பழுதான குழியை அடியும் சுவரும் அடைத்த தொட்டியாக மாற்றுவோருக்கு மற்றையோர் கைகொடுப்பதற்கும். பொதுச் சுகாதாரப் பரிசோதகரை அழைத்தால் வழிகாட்டுவார். மூன்றாவது, மாதந்தோறும் பறுவத்தன்று ஒரு கயிற்றாற் கிணற்றின் நீர்மட்டத்தை அளந்து கொப்பியிற் பதிதல். இதனை மேல்வகுப்பு மாணவர் கையில் ஒப்படைக்கலாம். இரண்டு கோடையும் இரண்டு மாரியும் அளந்த பிள்ளைக்கு நாம் பாடப்புத்தகத்தைக் கொண்டு கற்பிக்கவேண்டியது அதிகமிராது. நான்காவது, இயந்திரம் ஓட்டும் நேரத்தைப்பற்றி ஒரு நல்லிணக்கம்: கோடையில் எல்லாரும் ஒரே பொழுதில் நெடுநேரம் இறைக்காமல், சிறிது சிறிதாக, நேரம் மாற்றி இறைத்தல்.

இவற்றுக்கு வரும் மறுப்புகளையும் நாம் அறிவோம். 'நாம் வாடகைக்கு இருப்பவர்' என்பர் சிலர். வீடு வாடகை, குடிக்கும் நீர் வாடகையன்று. 'அடுத்த வளவுக்காரர் பிறநாட்டில் இருக்கின்றாரே' என்பர் சிலர். இதுவே நமது பட்டினத்துக்குச் சிறப்பாய் உரிய இடர். பூட்டிக்கிடக்கும் வளவுகளிலே கிணறுகள் குப்பைக் குழிகளாகிவிட்டன. அவற்றிற் போடும் அழுக்கு எவ்விதத் தடையுமின்றி நேரே ஊர்நீரிற் கலக்கின்றது. ஒழுங்கையார் கூடி ஒரு கடிதம் எழுதினால், ஊரை நினைந்து ஏங்கும் அவ்வுறவினர், கிணற்றுக்கு மூடியிடவும் ஆண்டுக்கொருமுறை இறைத்துத் துப்புரவாக்கவும் பொருள் அனுப்ப மறுப்பாரென்று நாம் எண்ணவில்லை. கோயிற் கோபுரத்துக்கு அனுப்பும் கையே தீர்த்தக் கேணிக்கும், ஒழுங்கைக் கிணற்றுக்கும் அனுப்பும், கேட்போர் வேண்டும்.

'மாநகரசபை எதற்கு இருக்கின்றது?' என்பது கடைசி மறுப்பு. அதன் கடமையை அது செய்தே தீரவேண்டும். செய்யாவிடிற் கேட்பது குடிமக்களின் உரிமை. ஆனால் மாநகரசபையின் கை வீதியோடு நிற்கின்றது. மதிலுக்கு உள்ளே வெட்டும் குழியையும், கூரையிலிருந்து வீணாகும் மழையையும், அடுப்படியிலிருந்து வெளியேறும் கழிவையும் எந்தச் சபையும் வந்து பாதுகாக்க முடியாது. அவ்விடத்துக்கு அதிகாரி நாமே.

இவ்வாண்டு மாரிக்கு இன்னும் நாளுண்டெனத் தள்ளிவைக்கவேண்டாம். வருகின்ற ஞாயிறு மாலை, அயல்வீட்டாரை முற்றத்துக்கு அழைத்து, ஒரு தேநீர் கொடுத்து, ஒழுங்கையின் கிணறுகளை எண்ணத் தொடங்குங்கள். அவர் கிணற்றின் ஆழம் எவ்வளவு, சென்ற கோடையில் உவர்த்ததா என்று கேளுங்கள். பல ஆண்டு மதிலோரம் வாழ்ந்தும் கேளாத கேள்வி அதுவாக இருக்கலாம். இருவரும் குடிப்பது ஒரே நீரென்பதை அறிந்தபின், வாய்க்காலை யார் துப்புரவாக்குவது என்ற வழக்குத் தானே தீர்ந்துவிடும்.